தொடுதிரைக்கு ஒரு சந்தனப் பொட்டு

சாரங்கியின் கணவன் துஷாந்தனுக்கு ஒரு பழக்கம் உண்டு. சரஸ்வதி பூசை வந்துவிட்டால் வீட்டில் ஓடுகிற, சுற்றுகிற, சூடாகிற எந்தச் சாமானும் அவனிடமிருந்து தப்ப முடியாது. காருக்கு ஒரு சந்தனப் பொட்டு, சைக்கிளுக்கு ஒன்று, கோப்பி மெசினுக்கு ஒன்று. போன வருடம், தானாக உருண்டு திரிந்து தூசி இழுக்கும் வட்ட மெசினையும் பிடித்து, அதற்கு நெற்றி எந்தப் பக்கம் என்று பத்து நிமிடம் ஆராய்ந்து, குங்குமமும் வைத்து அனுப்பினான். அது பொட்டும் தானுமாகச் சோபாவுக்குக் கீழே புகுந்து மறுபக்கத்தால் வந்தபோது சாரங்கி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“விசர் மனிசன். உந்த மெசினுக்கு என்னப்பா தெரியும், பூசையும் பொட்டும்?”

“அதுக்குத் தெரியாட்டி என்ன? அது எனக்கு வேலை செய்யுது எண்டு எனக்குத் தெரியுந்தானே” என்றான் துஷாந்தன், கோபமே இல்லாமல்.

பன்னிரண்டு வருடக் கலியாண வாழ்க்கையில் ஒரு வருடமும் தவறாமல் அவனைப் பகிடி பண்ணியவள் அவள். அப்படிப்பட்டவள் இந்த வருடம் செய்த வேலையைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஆனாலும் சொல்லத்தான் போகிறேன்.

டென்மார்க்கில், சில்க்போர்க் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் சாரங்கி பதினொரு வருடம் வேலை செய்தாள். நிரந்தர வேலை, நல்ல மனிதர்கள், முதுகுவலி மட்டும் இலவசம். அங்கே தொண்ணூறு வயதுக்காரர்களுக்கு ஐபாட்டில் பேரப்பிள்ளைகளின் முகம் பார்த்துக் கதைக்கப் பழக்கியவள் அவள்தான். ஒரு நாள் ஒரு பெரியவர், தன் பேத்தியை முதன்முதலாகத் தானே அழைத்துப் பேசிவிட்டு, “நீ இஞ்ச இருக்க வேண்டிய ஆள் இல்லை, பள்ளிக்கூடத்தில இருக்க வேண்டிய ஆள்” என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு சொல் அவளைப் பிடித்துக்கொண்டது. நான்கு வருடம் படித்தாள். முப்பத்தெட்டாவது வயதில் ஆசிரியையாகி, ஓகஸ்ட் மாதம் ஏரிக்கரைப் பக்கமுள்ள ஒரு பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்புக்குள் கால் வைத்தாள்.

ஆனால் அந்த வேலை தற்காலிகம். ஒக்டோபர் நடுவில் வரும் இலையுதிர்கால விடுமுறை வரைக்கும்தான். அதன் பிறகு அந்த இடத்துக்கு நிரந்தரமாக ஒருவரை எடுப்பார்கள். அது சாரங்கியாகவும் இருக்கலாம், வேறு யாராகவும் இருக்கலாம். இருந்த வேலையையும் விட்டுவிட்டு வந்தவளுக்கு இரவில் படுத்தால் அதே யோசனைதான். அரசனை நம்பிப் புருசனைக் கைவிட்டவள் கதையாகப் போய்விடுமோ என்று துஷாந்தனிடம் சொன்னாள். “புருசன் பக்கத்திலதான் படுத்திருக்கிறன், பயப்பிடாமல் நித்திரை கொள்ளும்” என்றான் அவன்.

இதிலே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் பேசியது டேனிஷ்தான். ஆனால் சாரங்கி அதை வீட்டுக்கு வந்து துஷாந்தனுக்குச் சொன்னது யாழ்ப்பாணத் தமிழில். நானும் அப்படியே சொல்கிறேன். டேனிஷில் அதிபருக்கும் நீ, ஆசிரியைக்கும் நீ, ஏழு வயதுப் பிள்ளைக்கும் நீ. ரீச்சர், மிஸ் என்ற பேச்செல்லாம் கிடையாது. பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். முதல் நாள் ஒரு வாண்டு, “சாரங்கி, நீ என்ர சப்பாத்தில நிக்கிறாய்” என்றபோது அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு கிழமையில் பழகிவிட்டது.

பழகாதது ஒன்று இருந்தது. அது வகுப்புச் சுவரில் இருந்த தொடுதிரை. கட்டிலை நிமிர்த்தி வைத்த அளவுக்கு, கறுப்புச் சட்டம் போட்டு, பளபளவென்று நின்றது. விரலை வைத்தால் எழுதும், படத்தைப் பிடித்து இழுத்தால் போகும். புதிதாக வாங்கி எல்லா வகுப்புக்கும் மாட்டியிருந்தார்கள். ஐபாட் என்ற சின்னப் பிராணியை வசப்படுத்தியவளுக்கு இந்தப் பெரிய மிருகம் மட்டும் அடங்கவில்லை. முதல் கிழமையே தன் கைத்தொலைபேசியை அதனோடு இணைத்து ஒரு படம் காட்டப் போனாள். படத்துக்குப் பதிலாகத் துஷாந்தன் அனுப்பிய செய்தி ஒரு முழ எழுத்தில் திரையில் வந்து நின்றது: “வரேக்க வெங்காயம் வாங்கிக்கொண்டு வாரும்.”

இருபத்திரண்டு பிள்ளைகளும் வாயைத் திறந்து பார்த்தார்கள். என்ன வடிவான எழுத்து! உடனே எல்லாரும் பென்சிலை எடுத்து அதைப் பார்த்துக் கீறத் தொடங்கிவிட்டார்கள். அன்றைக்கு அந்த வகுப்பில் இருபத்திரண்டு வெங்காயம் எழுதப்பட்டது. விக்ரோரியா எழுதிய வெங்காயம்தான் மிகவும் நன்றாக இருந்தது. விக்ரோரியா என்பவள் மூக்குக் கண்ணாடி போட்ட, எதையும் கிட்டப் போய் மூக்கால் முட்டிப் பார்க்கிற ஒரு சிறுமி. அவளிடமிருந்து எதையும் மறைக்க முடியாது. இது பின்னால் தேவைப்படும்.

இப்படி விழுந்தும் எழும்பியும் ஆறு கிழமையில் சாரங்கி அந்தத் திரையை ஒரு வழிக்குக் கொண்டுவந்தாள். செப்டம்பர் முடிவில் அதிபர் ஹெலே வந்தாள். நெட்டையான, குறைவாகப் பேசுகிற பெண்.

“வியாழக்கிழமை ரெண்டாம் பாடத்துக்கு வந்து பின்னால இருக்கிறன். திரையை வைச்சு நீ எப்பிடிப் படிப்பிக்கிறாய் எண்டு பார்க்க வேணும். அதுக்குப் பிறகு உன்ர இடத்தைப் பற்றி முடிவு சொல்லுறன்.”

சாரங்கி அன்றிரவே அந்தப் பாடத்தைச் செய்ய உட்கார்ந்தாள்.

புதன்கிழமை சரஸ்வதி பூசை. துஷாந்தன் கண்ணாடி யன்னல் செய்யும் தொழிற்சாலைக்குப் போகுமுன் விடியவே குளித்து, பூசையறையில் விளக்கேற்றி, அவலும் கடலையும் படைத்து, வழக்கம்போலச் சந்தனக் கிண்ணத்தோடு வீட்டைச் சுற்றி வந்தான். தூசி மெசின் இந்த முறையும் தப்பவில்லை. அவன் காருக்குப் பொட்டு வைக்க வெளியே போன நேரம் பார்த்து, சாரங்கி மோதிரம் வைக்கிற சின்னச் சிமிழ் ஒன்றில் கொஞ்சம் சந்தனமும் குங்குமமும் வழித்துப் போட்டு, கைப்பைக்குள் ஒளித்துக்கொண்டாள். பன்னிரண்டு வருடப் பகிடி எல்லாம் அந்தச் சிமிழுக்குள் போய்விட்டது. பயம் வந்தால் மனிதர் இப்படித்தான்.

அவள் போனபோது பள்ளிக்கூடத்துக்கு இன்னும் யாரும் வந்திருக்கவில்லை. நடைக்கூடத்தில் பிள்ளைகளின் மழைக் காற்சட்டைகள் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தன. சாரங்கி வகுப்புக் கதவைச் சாத்தினாள். திரைக்கு முன்னால் நின்று, “நாளைக்கு என்ர மானத்தைக் காப்பாத்து, தாயே” என்றாள். சரஸ்வதியிடம் சொன்னாளா, திரையிடம் சொன்னாளா என்பது அவளுக்கே தெரியாது. ஒருவர் கண்ணிலும் படக்கூடாது என்று கீழே குனிந்து, இடது மூலையில், கறுப்புச் சட்டத்தின் உள்விளிம்பில், கண்ணாடியோடு சேர்கிற இடத்தில், குன்றிமணி அளவு சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமமும் வைத்தாள். மேசையும் பூச்சாடியும் அதை மறைத்தன. மனம் லேசாகிவிட்டது.

அன்றைக்குக் காலையிலேயே திரைக்குப் பேய் பிடித்தது.

சாரங்கி ஒரு விரலை வைத்தால் திரை இரண்டு விரல் என்று நினைத்தது. ஒரு அப்பிளை மெல்லப் பிடித்து இழுத்தாள். அது நகராமல் ஊதத் தொடங்கி, பூசணிக்காயாகி, பிறகு சுவர் முழுவதும் சிவப்பாக நின்றது. பிள்ளைகள் மேசையில் தட்டிச் சிரித்தார்கள். அவள் கையை எடுத்து மறுபடி வைத்தாள். அப்பிள் கடுகாகச் சுருங்கி மறைந்தது. “இன்னொருக்கா! இன்னொருக்கா!” என்று வகுப்பே கத்தியது. அவர்களுக்குக் கொண்டாட்டம், அவளுக்குத் திண்டாட்டம்.

ஸ்ரிபனைக் கூப்பிட்டாள். அவன் கணக்கு ஆசிரியன். பள்ளிக்கூடத்துக் கணினிகளுக்கும் திரைகளுக்கும் பொறுப்பும் அவன்தான். ஆறடிக்கு மேல் உயரம். வந்தான், நிறுத்தினான், போட்டான், வயரைக் கழற்றினான், பூட்டினான், திரையின் மென்பொருளைப் புதுப்பித்தான். நின்ற நிலையிலேயே எல்லாம் செய்தான். முழங்காலுக்கு அருகே ஒரு பொட்டு இருப்பதைக் காண அவனுக்கு வழியே இல்லை.

“வேற ஒரு வகுப்பிலயும் இப்பிடி இல்லை. ஆரோ பிள்ளை அழுக்குக் கையோட தொட்டிருக்கும். இல்லாட்டித் திரையே பழுது. மாத்தித் தரச் சொல்லி எழுதிறன், ரெண்டு கிழமை எடுக்கும்.”

“நாளைக்கு ஹெலே வாறா” என்றாள் சாரங்கி ஈனக் குரலில்.

“அப்ப நாளைக்கு நல்லா ஓட வேணும் எண்டு கும்பிடு” என்றான் ஸ்ரிபன். டேனிஷ்காரர் அதைப் பேச்சுக்குச் சொல்வார்கள். சாரங்கி அதை அப்படியே எடுத்துக்கொண்டாள்.

பாருங்கள், அவளுக்கு ஒரு கணம்கூடப் பொட்டின்மேல் சந்தேகம் வரவில்லை. பொட்டு வைத்ததால்தான் இந்த அளவோடு போனது, வைக்காவிட்டால் திரை சுவரிலிருந்தே விழுந்திருக்கும் என்றுகூட நினைத்தாள். அதனால் அடுத்த நாள், விஜயதசமிக் காலையில், எல்லாருக்கும் முன்னால் போய், நோய் கூடினால் மருந்தையும் கூட்ட வேண்டும் என்ற கணக்கில், பழைய பொட்டுக்குச் சற்றுத் தள்ளி, முதல் வைத்ததைவிடப் பெரிதாக இரண்டாவது பொட்டையும் வைத்தாள். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போடும் என்பார்கள். சாரங்கி சந்தனமாகவே வாரிப் போட்டாள்.

இரண்டாம் பாடத்துக்கு ஹெலே வந்து, பின்வரிசையில் ஒரு குட்டிக் கதிரையில் முழங்கால் நாடியில் முட்ட உட்கார்ந்து, குறிப்புக் கொப்பியைத் திறந்தாள்.

பாடம் பத்துக்கூட்டாளிகள். ஏழுக்கு மூன்று கூட்டாளி, ஆறுக்கு நான்கு கூட்டாளி, சேர்ந்தால் பத்து. திரையில் ஒரு கூடை, கூடைக்குள் ஏழு அப்பிள். வெளியே கிடக்கும் அப்பிள்களில் மூன்றைப் பிள்ளைகள் இழுத்து உள்ளே போட வேண்டும். இரண்டு நாள் இருந்து செய்த பாடம். சாரங்கி மூச்சைப் பிடித்துக்கொண்டு விரலை வைத்தாள்.

கூடை தலைகீழாகக் கவிழ்ந்தது. அப்பிள்கள் ஒருவரும் தொடாமலே இடது மூலைக்கு ஓடின. பக்கங்கள் தாமாகப் புரண்டன. திடீரென்று வகுப்பின் காலைப் பாட்டு உரத்த சத்தத்தில் தொடங்கி, பாதியில் நின்று, மறுபடி தொடங்கியது. பிள்ளைகள் எழும்பி நின்று பாடவே தொடங்கிவிட்டார்கள். ஹெலே கொப்பியில் ஏதோ எழுதினாள். சாரங்கியின் காது இரண்டும் சுட்டன. பதினொரு வருட நிரந்தர வேலை கண்ணுக்கு முன்னால் வந்து போனது.

அப்போதுதான் விக்ரோரியா கதிரையை விட்டு எழும்பினாள். நேரே திரையின் இடது மூலைக்குப் போய், பூச்சாடியை ஒதுக்கி, மூக்கால் முட்டுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தாள். அவள் குனிந்தால் அந்த மூலை முகத்துக்கு நேரே வந்தது.

“சாரங்கி, இஞ்ச பார். திரைக்குக் காயம். மஞ்சளும் சிவப்புமா ரெண்டு இடத்தில. இதுக்குள்ள குட்டிக் குட்டிக் கண் இருக்கு, அதை மூடிக்கொண்டு நிக்குது.”

சாரங்கிக்கு ஒரே நொடியில் எல்லாம் விளங்கியது. அந்தச் சட்டத்தின் விளிம்பு முழுவதும் கண்ணுக்குத் தெரியாத ஒளி ஓடுகிறது, விரல் அதை மறைத்தால்தான் தொட்டது எங்கே என்று திரைக்குத் தெரியும் என்று ஓகஸ்டில் ஸ்ரிபனே சொல்லிக்கொடுத்திருந்தான். இரண்டு நாளாக அவள் அந்த ஒளியில் சந்தனத்தை அப்பி வைத்திருக்கிறாள். திரையைப் பொறுத்தவரை ஒரு விரல் புதன்கிழமையிலிருந்து எடுக்காமலே இருந்திருக்கிறது, இன்றைக்கு அதற்குத் துணையாக இன்னொன்று. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகிவிட்டது.

ஒரு ஈரத் துணியை எடுத்து, “ஏதோ ஊத்தை” என்று துடைத்துவிட்டால் விசயம் முடிந்தது. கை துணிப் பக்கம் போய்விட்டது என்பதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். ஹெலேக்குத் தெரியப்போவதில்லை. திரையும் நல்ல பிள்ளையாக ஓடும்.

அதற்குள் யாரோ ஒரு பிள்ளை கத்தியது. “எம்மா! அது எம்மாவின்ர வேலை! அவளின்ர கையில எப்பவும் பெயின்ற்!”

“ஓம், எம்மாதான்! ஸ்ரிபனும் சொன்னவன், அழுக்குக் கை எண்டு!”

எம்மா படம் கீறுகிற பிள்ளை. உண்மைதான், அவள் விரல்களில் ஏதாவது ஒரு நிறம் எப்போதும் இருக்கும். அன்றைக்கு ஒரேஞ்ச். இருபத்தொரு தலைகள் அவள் பக்கம் திரும்பியதும் எம்மா இரண்டு கையையும் மேசைக்குக் கீழே ஒளித்தாள். வாய் கோணியது. நான் இல்லை என்று சொல்லக்கூட அவளுக்குச் சத்தம் வரவில்லை. பின்வரிசையில் ஹெலே பேனையை நிறுத்திவிட்டு எம்மாவைப் பார்த்தாள்.

அந்த முகத்தைப் பார்த்ததும் சாரங்கிக்கு வேலையும் மறந்தது, அதிபரும் மறந்தது.

“எம்மா இல்லை” என்றாள். “அது நான்தான். நான்தான் வைச்சனான்.”

தலைகள் எல்லாம் இப்போது அவள் பக்கம் திரும்பின. காலைப் பாட்டு மறுபடி தானாகத் தொடங்கி நின்றது.

“நீயா?” என்றாள் விக்ரோரியா. “ஏன்?”

சாரங்கி குட்டிக் கதிரை ஒன்றை இழுத்துப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்தாள். இனி மறைத்து என்ன, தலைக்கு மேல் வெள்ளம் போயாயிற்று. “எங்கட வீட்டில வருசத்தில ஒரு நாள், எங்களுக்கு வேலை செய்யிற சாமான் எல்லாத்துக்கும் ஒரு பொட்டு வைச்சு நன்றி சொல்லுறது. காருக்கு, சைக்கிளுக்கு, புத்தகத்துக்கு. என்ர மனிசன் தூசி மெசினுக்கும் வைக்கிறவர். நான் அவரைப் பார்த்துச் சிரிக்கிறனான். ஆனால் இந்த முறை எனக்குப் பயமா இருந்தது. இண்டைக்கு ஹெலே வந்து பார்க்கேக்க திரை நல்லா ஓட வேணும் எண்டு நினைச்சு, ஒருத்தருக்கும் தெரியாமல் நேற்று ஒண்டு வைச்சன், இண்டைக்கும் ஒண்டு வைச்சன். அது அதின்ர கண்ணில பட்டுப் போச்சுது. எம்மா, எனக்குப் பதிலா நீ பேச்சு வாங்கினாய். மன்னிச்சுக்கொள்.”

எம்மா கையை மெல்ல மேசைக்கு மேலே எடுத்தாள்.

“உனக்குப் பயமா?” என்று ஒருவன் கேட்டான், ஏதோ ஆச்சரியமான செய்தி கேட்டவன்போல. “பெரியாக்களுக்குமா?”

“ஓம், நல்லா.”

விக்ரோரியா நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். “அப்ப நீ திரைக்கு நன்றி சொல்லப் போய் அதின்ர கண்ணைக் குத்திப்போட்டாய்.”

வகுப்பு வெடித்துச் சிரித்தது. சாரங்கியும் சிரித்தாள். அழுகையும் சேர்ந்து வரப்பார்த்தது, சிரிப்புத்தான் முந்திக்கொண்டது. ஈரத் துணியை எடுத்து எம்மாவிடம் கொடுத்தாள். எம்மா முழங்காலில் இருந்து, காயம் துடைக்கிற தாதியைப்போல, இரண்டு பொட்டையும் துடைத்தாள். அப்பிள்கள் ஓட்டத்தை நிறுத்தின. கூடை நிமிர்ந்து நின்றது. பிள்ளைகள் கை தட்டினார்கள்.

“சரி, கணக்குக்கு வருவம். நான் எத்தினை பொட்டு வைச்சன்?”

“ரெண்டு!”

“பத்தாக்கிறதுக்கு இன்னும் எத்தினை வைக்க வேணும்?”

“எட்டு!” என்றது வகுப்பு. பிறகு விளங்கிக்கொண்டு, “வைக்காதே! வைக்காதே!” என்று ஒரே அலறல்.

அதற்குப் பிறகு நடந்த பாடத்தைச் சாரங்கி சாகும்வரை மறக்கமாட்டாள். பிள்ளைகள் வரிசை கட்டி வந்து அப்பிள் இழுத்தார்கள். எம்மாவின் ஒரேஞ்ச் விரல் தொட்ட இடமெல்லாம் திரை சொன்னபடி கேட்டது. மணி அடித்தபோது ஒருவரும் எழும்பவில்லை.

விக்ரோரியா மட்டும் ஹெலேயிடம் போனாள். “எங்கட சாமானுக்கும் பொட்டு வைக்கலாமா?”

ஹெலே கொப்பியை மூடினாள். “வீட்டில கேட்டுக்கொண்டு வாங்கோ. சாரங்கி உங்கட அம்மா அப்பாக்கு எழுதுவா.” பிறகு சாரங்கியைப் பார்த்து, “நாளைக்குக் கதைப்பம்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஸ்ரிபனைத் தேடிப் போய், புதுத் திரை வேண்டாம் என்று எழுதச் சொல்லி, காரணத்தையும் சாரங்கியே சொன்னாள். அவன் எழுதிக்கொண்டே, “என்னை ஆரும் கேட்டால் நானே கண்டுபிடிச்சனான் எண்டு சொல்லட்டா?” என்றான்.

வீட்டில்தான் பெரிய சோதனை. துஷாந்தனிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அவன் கோப்பியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான். முடிந்ததும் எழும்பிப் போய்த் தூசி மெசினைத் தூக்கிக்கொண்டு வந்து மடியில் வைத்தான்.

“கேட்டியா? பன்னிரண்டு வருசம் எங்களைப் பார்த்துச் சிரிச்சவ.” பிறகு அவளிடம், “அது சரியப்பா, ஆராவது கண்ணில வைப்பினமே? நான் எப்பவும் முதுகிலயும் நெத்தியிலயும்தானே வைக்கிறனான். கேட்டிருந்தால் சொல்லித் தந்திருப்பன்.”

“வேலை போகப் போகுதப்பா. அவ ஒண்டும் சொல்லேல்ல.”

துஷாந்தன் பகிடியை விட்டான். “போனால் போகட்டும். அந்தப் பிள்ளையைப் பழி கேட்க விட்டு இந்த வேலையை எடுத்திருந்தால் எனக்கு உம்மைப் பார்க்கவே ஏலாமல் இருந்திருக்கும். இப்ப பெற்றோருக்கு எழுதும்.”

அவள் எழுதினாள்: நாளை எங்கள் வகுப்பில் நன்றி நாள், உங்கள் பிள்ளைக்கு உதவும் ஒரு சாமானைக் கொடுத்துவிடுங்கள், பிடிக்காதவர்கள் விடலாம். பதில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எல்லாவற்றிலும் சிரித்த முகங்கள். பண்ணை வைத்திருக்கும் ஒரு தகப்பன், உழவு மெசினைக் கொண்டுவர இடம் உண்டா என்று கேட்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடத்தில் வகுப்பு ஒரு திருவிழாவாக இருந்தது. சைக்கிள் தொப்பி, பல் துலக்கும் பிரஷ், மீன் தூண்டில், உழவு மெசினின் படம், ஒற்றை இறப்பர்ச் சப்பாத்து. “மற்றக் கால் எங்க?” என்று கேட்டதற்கு, “அது தண்ணி விடுது, அதுக்கு நன்றி இல்லை” என்றான் கொண்டுவந்தவன். துஷாந்தன் விடியவே அரைத்துக் கொடுத்த சந்தனம் ஒரு ரொட்டிப் பெட்டி நிறைய இருந்தது. பொட்டு வைக்கும் பொறுப்பைச் சாரங்கி எம்மாவிடம் கொடுத்தாள். அந்த வகுப்பில் விரலில் நிறம் பிடிக்கத் தெரிந்தவள் அவள்தானே. எம்மா ஒவ்வொரு சாமானையும் வாங்கித் திருப்பிப் பார்த்து, “இதின்ர கண் எங்க?” என்று கேட்டு, கண் இல்லாத பக்கத்தில் வைத்தாள். விக்ரோரியாவின் மூக்குக் கண்ணாடிக்குக் காதுப் பக்கத்தில் வைத்தாள். திரைக்கும் முதுகுப் பக்கம் போய் ஒன்று வைத்தாள். சாரங்கிக்கு நெற்றியில் வைத்தாள். பிள்ளைகள் எல்லாரும் சாமானைப் பார்த்து “தக்” என்றார்கள். டேனிஷில் நன்றிக்கு அதுதான் சொல்.

“நீ என்ன கொண்டுவந்தாய், எம்மா?” என்று சாரங்கி கேட்டாள்.

எம்மா தன் இரண்டு கைகளையும் நீட்டினாள். “இது ரெண்டும்.”

சாரங்கி சந்தனப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். அந்த நிறம் பிடித்த இரண்டு கையிலும், புறங்கையில், ஒவ்வொரு பொட்டு வைத்தாள். முந்தின நாள் அவளைச் சுட்டிக் கத்திய பிள்ளைகள்தான் எல்லாரையும்விடச் சத்தமாக “தக்” சொன்னார்கள்.

அப்போதுதான் வரிசையின் கடைசியில் நெட்டையாக ஒருவர் நிற்பதைக் கண்டாள். ஹெலே. கையில் தன் மடிக்கணினி.

“அதின்ர கண் எங்க?” என்று எம்மா கேட்டாள்.

“இந்தா, மேல இருக்கிற இந்தக் கமெரா. அதில வைச்சுப்போடாதே.” ஹெலே கணினியை மூடி, முதுகுப் பக்கத்தை நீட்டினாள். எம்மா நடு முதுகில் ஒரு பொட்டு வைத்தாள். ஹெலே அதைத் திறந்து, பக்கத்து மேசையில் வைத்துக்கொண்டே பேசினாள்.

“வருசம் முழுக்க நான் ஆக்களின்ர பாடத்தைப் போய்ப் பார்க்கிறன், சாரங்கி. திரை ஓடாட்டிச் சிலர் திரையைக் குறை சொல்லுவினம், சிலர் பிள்ளையளைக் குறை சொல்லுவினம். நான்தான் எண்டு சொன்ன ஆளை நேற்றுத்தான் கண்டன். என்ர பிள்ளை படிக்க வேண்டிய வகுப்பு இதுதான் எண்டு கொப்பியில எழுதினன். சரி, இண்டைக்கு இந்த மெசினுக்கு ஒரேயொரு வேலைதான் இருக்கு.”

ஒரு விசையைத் தட்டினாள். சாரங்கியின் கைப்பைக்குள் கைத்தொலைபேசி ‘டிங்’ என்றது. எடுத்துப் பார்த்தாள். நிரந்தர நியமனம், விடுமுறை முடிந்து வரும் முதல் நாளிலிருந்து. கீழே அவளுடைய முழுப் பெயர், ஒரு எழுத்தும் பிழையில்லாமல்.

அவள் வாசித்துக்கொண்டே நின்றாள். எழுத்துகள் கலங்கின.

விக்ரோரியா கிட்ட வந்து, கண்ணாடியைச் சரிசெய்து, அண்ணாந்து அவள் முகத்தைப் பார்த்தாள். “எம்மா! சாரங்கியின்ர கண்ணில வைச்சிட்டியா? தண்ணி வருது!”

“நான் நெத்தியிலதான் வைச்சனான்!” என்றாள் எம்மா, பதறிப்போய்.

சாரங்கி குனிந்து இரண்டு பேரையும் சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

“எம்மா இல்லை” என்றாள். “இதுவும் நான்தான்.”